போனில் சொல்லும் பதிலைப் பக்கத்தில் எழுதுங்கள்: சிறுதொழில் இணையதளம் தேடலில் முன்னேற ஒரு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி டைல்ஸ் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் ஒருநாள் என்னை அழைத்தார். “தம்பி, செலவு செய்து வெப்சைட் போட்டேன். பெங்களூருவில் இருந்து யாராவது தேடினால் யார் யார் கடையோ வருகிறது, நம் பட்டறை மட்டும் வரவே இல்லை” என்றார். நேரில் போய் உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன். முகப்பில் பெரிய படம் ஒன்று இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று எழுதியிருந்தது. கீழே ‘எங்களைப் பற்றி’, ‘எங்கள் சேவைகள்’, ‘தொடர்புக்கு’. சதுர அடி என்ன விலை, எந்தெந்த அளவில் கல் கிடைக்கும், எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில் அவருக்கு நான்கு அழைப்புகள் வந்தன. நான்கு பேருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். “கண்ணாடி மேலே வார்க்கிற கல் சார், மினுமினுப்பு அதில் இருந்துதான் வருகிறது. சூளையில் சுடுவது கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறோம். துடைக்கத் தண்ணீர் போதும், ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.” அந்த நான்கு பதில்களில் இருந்த சரக்கில் கால்வாசிகூடத் தளத்தில் இல்லை. எஸ்.இ.ஓ. (தேடலில் தளத்தை முன்னே கொண்டுவரும் வேலை) என்று ஆளாளுக்கு மந்திரம்போலச் சொல்கிறார்களே, அதில் முக்கால் பங்கு இந்தப் பதில்களை எழுத்தில் வைக்கும் வேலைதான். மீதிக் கால் பங்கு, எழுதியதைக் கூகுள் படிக்க முடிகிறதா என்று பார்ப்பது.

இந்தக் கட்டுரை அவரைப்போலச் சொந்தத் தொழிலுக்கு ஒரு தளம் வைத்திருப்பவர்களுக்கானது. விளம்பரத்துக்குப் பணம் கட்டி மேலே வருவதைப் பற்றி இங்கே பேசவில்லை. விளம்பரத்துக்குக் கீழே, காசு கொடுக்காமல் வரும் இயல்பான முடிவுகளைப் பற்றித்தான் பேச்சு. கூகுளில் மாதாமாதம் விளம்பரம் கொடுத்தால் இயல்பான முடிவுகளிலும் இடம் உயரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு.

முதலில், சாவி யார் கையில்?

வேலையைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. தளத்தின் முகவரி, அதாவது டொமைன், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? பல சிறு கடைகளுக்குத் தளம் செய்துகொடுத்தவரே அதைத் தன் மின்னஞ்சலில், தன் கணக்கில் பதிவு செய்திருப்பார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் புதுப்பிக்க ஆள் இருக்காது. ஒருநாள் தளம் காணாமல் போகும். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் வாடகை இடம்), தளத்தின் நிர்வாகி நுழைவு ஆகிய மூன்றின் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்க வேண்டும்; மூன்றிலும் உங்கள் மின்னஞ்சல் இருக்க வேண்டும். இல்லையென்றால் மற்றதை எல்லாம் நிறுத்திவைத்துவிட்டு இதை வாங்குங்கள். வாடகை வீட்டில் செலவு செய்து டைல்ஸ் பதிக்காதீர்கள்.

கூகுளுக்கு உங்கள் தளம் தெரியுமா?

தேடலில் மூன்று கட்டங்கள் உண்டு. கூகுளின் நிரல் உங்கள் பக்கத்துக்கு வந்து படிக்கிறது; படித்ததைத் தன் அட்டவணையில் சேர்க்கிறது; யாராவது தேடும்போது அட்டவணையில் இருப்பவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. வரிசையில் பின்தங்கியிருக்கிறோம் என்று கவலைப்படுகிறவர்களில் சிலர் அட்டவணையிலேயே இருக்க மாட்டார்கள்.

சோதிப்பது எளிது. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் ‘சைட்’ (site) என்று தட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியைத் தட்டுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் நிம்மதி. ஒன்றுமே வராவிட்டால் எங்கோ கதவு பூட்டியிருக்கிறது.

எங்கே பூட்டியிருக்கும் என்பதற்கு என் சொந்த அசட்டுத்தனம் ஒன்றைச் சொல்கிறேன். தளம் செய்யும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒருவருக்குத் தளம் செய்துகொண்டிருந்தேன். பாதி வேலையில் கூகுள் வந்து பார்த்துவிடக் கூடாதே என்று, அமைப்புகளில் ‘ரீடிங்’ பகுதிக்குப் போய், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வேலை முடிந்தது, தளத்தைத் திறந்தோம், இனிப்பும் சாப்பிட்டோம். டிக்கை எடுக்க மறந்துவிட்டேன். மூன்று மாதங்கள் கழித்து அவர் ‘ஒரு அழைப்புகூட வரவில்லையே’ என்று கேட்டபோதுதான் தெரிந்தது. அந்த மூன்று மாதமும் நான் தலைப்புகளை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன், பூட்டிய கடைக்குள் விளக்குப் போட்டதைப்போல. இன்றே உங்கள் தளத்தில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

அடுத்து, உங்கள் தளம் தேடலில் எப்படி நிற்கிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் கணக்குத் திறக்க வேண்டும். இலவசம். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க டொமைன் விற்ற நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு வரியை ஒட்டச் சொல்லும். பத்து நிமிட வேலை. உள்ளே போனதும் சைட்மேப் முகவரியைக் கொடுங்கள். சைட்மேப் என்பது உங்கள் பக்கங்களின் பட்டியல். வேர்ட்பிரஸ் போன்றவை தாமாகவே அதை உருவாக்கி வைத்திருக்கும். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம் என்பது விதி, உங்களுக்கும் எனக்கும் அந்தக் கவலை இல்லை. ஒரு பக்கத்தின் முகவரியைச் சர்ச் கன்சோலின் மேல்பெட்டியில் ஒட்டினால் அது அட்டவணையில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் என்று சொல்லிவிடும். புதிய பக்கம் எழுதினால் அங்கேயே ‘சேர்த்துக்கொள்’ என்று கேட்கலாம்.

தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பூட்டுகள் கூடுதலாக உண்டு. ஒன்று, பழைய எழுத்துரு. பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியதை அப்படியே தளத்தில் ஒட்டியிருந்தால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கூகுளுக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கருவிகளும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். மற்றொன்று, நோட்டீஸ். அச்சகத்தில் அடித்த நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றிவிட்டு, விலைப்பட்டியல் போட்டாயிற்று என்று திருப்தி அடைகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் நிற்க முடியாது. விலை, முகவரி, கல்லின் அளவு எல்லாம் எழுத்தாகவே பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி நோட்டு

இனிமேல்தான் உண்மையான வேலை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். போனில், நேரில், வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் என்ன கேட்கிறாரோ அதை அவர் கேட்ட சொற்களிலேயே எழுதுங்கள். திருத்த வேண்டாம். இரண்டு வாரம் போதும்.

பட்டறைக்காரரின் மகள்தான் அந்த வேலையைச் செய்தார். கல்லூரி விடுமுறையில் இருந்தார். நோட்டில் இருந்தவற்றில் சில: ‘ஆயிரம் சதுர அடிக்கு எத்தனை கல்?’ ‘பத்து அங்குலம் இருக்கிறதா?’ ‘வழுக்குமா?’ ‘கோயம்புத்தூருக்கு லாரி வாடகை எவ்வளவு?’ ‘எங்கள் ஊர்க் கொத்தனார் பதிப்பாரா, நீங்களே ஆள் அனுப்புவீர்களா?’ ‘கறை பட்டால் போகுமா?’ ‘வாசல் திண்ணைக்குப் போடலாமா?’ ‘உமியால் தேய்ப்பார்களாமே, அது எதற்கு?’ இவற்றில் ‘உங்கள் தாரக மந்திரம் என்ன?’ என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

நோட்டில் இன்னொன்றும் தெரிய வந்தது. ஊரில் பெரியவர்கள் ‘பூக்கல்’ என்கிறார்கள். வீடு கட்டுகிறவர் ‘ஆத்தங்குடி டைல்ஸ்’ என்கிறார். வெளிமாநிலக் கட்டடக் கலைஞர் ‘ஹேண்ட்மேட் சிமென்ட் டைல்ஸ்’ என்று கேட்கிறார். பொருள் ஒன்றுதான், தேடும் சொல் மூன்று. ஆங்கிலத்தில் தட்டும்போது ‘ஆ’வுக்கு ஓர் எழுத்தா இரண்டா, ‘த்த’வை எப்படி எழுதுவது என்பதில் ஆளுக்கொரு முறை. இந்த எழுத்துப் பிழைகளுக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கூகுள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது. ஆனால் ‘பூக்கல்’, ‘சிமென்ட் டைல்ஸ்’ போன்ற மாற்றுச் சொற்கள் பக்கத்தில் ஓரிடத்திலாவது இயல்பாக வர வேண்டும்.

நோட்டு நிறைந்த பிறகு கூகுளில் உட்காருங்கள். ஒரு சொல்லைத் தட்டத் தொடங்கியதும் கீழே விரியும் பரிந்துரைகளைப் பாருங்கள். முடிவுகளுக்கு நடுவே ‘மக்கள் இவற்றையும் கேட்கிறார்கள்’ என்ற பெட்டி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நோட்டில் இருக்கும் கேள்வியும் கூகுள் காட்டும் கேள்வியும் ஒன்றாக இருந்தால் அந்தக் கேள்விக்கு நட்சத்திரம் போடுங்கள். முதல் பக்கம் அதற்குத்தான். காசு கட்டி வாங்கும் கருவிகள் நிறைய இருக்கின்றன. தொடக்கத்தில் அவை வேண்டாம் என்பது என் கருத்து. ‘டைல்ஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை எத்தனை லட்சம் பேர் தேடுகிறார்கள் என்று தெரிந்து என்ன செய்யப்போகிறோம்? அவர்களில் பெரும்பாலோர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை. ‘ஆத்தங்குடி டைல்ஸ் பத்து அங்குலம் விலை’ என்று தேடும் பத்துப் பேர் வீட்டுக்குத் தரை போடப்போகிறவர்கள்.

ஒரு தேவைக்கு ஒரு பக்கம்

கேள்விகளைக் கொத்துகளாகப் பிரியுங்கள். பட்டறைக்கு ஐந்து கொத்துகள் வந்தன: விலையும் எண்ணிக்கையும், வடிவமைப்புகள், பதிப்பதும் மெருகேற்றுவதும், பராமரிப்பு, வெளியூர் அனுப்புவது. ஐந்து கொத்துக்கு ஐந்து பக்கங்கள். எல்லாவற்றையும் முகப்பில் கொட்டாதீர்கள். கூகுள் தளத்தை வரிசைப்படுத்துவதைவிடப் பக்கத்தை வரிசைப்படுத்துகிறது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இருக்காது.

விலைப் பக்கத்தில்தான் எங்களுக்குள் சண்டை. “விலையைப் போட்டால் பக்கத்துப் பட்டறைக்காரன் பார்ப்பானே” என்றார். “அண்ணே, அவருக்கு உங்கள் விலை போன வருடமே தெரியும். தெரியாமல் இருப்பது வாடிக்கையாளருக்குத்தான்” என்றேன். கடைசியில் ஒரே தொகையாகப் போடாமல், இந்த விலையில் இருந்து இந்த விலை வரை, எது எதனால் கூடும் என்று எழுத ஒப்புக்கொண்டார். நிறம் கூடினால் கூடும், கோலம் நுணுக்கமானால் கூடும், ஊர் தூரமானால் லாரி வாடகை தனி. அந்த விளக்கத்தைப் படித்துவிட்டு அழைக்கிறவர் பேரம் பேசத் தயாராக வருகிறார், விசாரிக்க மட்டும் வருவதில்லை.

பக்கத்தின் தொடக்கம் முன்பு இப்படி இருந்தது: ‘பாரம்பரியமிக்க எங்கள் நிறுவனம் உயர்தர டைல்ஸ்களை நியாயமான விலையில் வழங்கி வருகிறது.’ இந்த வரியில் ‘டைல்ஸ்’ என்பதை எடுத்துவிட்டு ‘முறுக்கு’ என்று போட்டாலும் பொருந்தும். இப்போது இப்படி இருக்கிறது: ‘8, 10, 12 அங்குலச் சதுரக் கற்கள் செய்கிறோம். 100 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் என்றால் 225, 10 அங்குலம் என்றால் 144, 12 அங்குலம் என்றால் 100 கற்கள் வேண்டும். வழியில் உடைவதற்கும் ஓரங்களில் வெட்டுவதற்கும் சேர்த்துச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். பிறகு தனியாக வார்த்தால் நிறம் அச்சாகப் பொருந்துவது கஷ்டம்.’ நான்கு வரிதான். ஆனால் இதை அந்தத் தொழிலில் இருக்கிறவர் மட்டுமே எழுத முடியும். கூகுளின் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் நிபுணத்துவம், மதிப்பு, நம்பகம் என்று முன்பே இருந்த அளவுகோல்களோடு 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்பதையும் சேர்த்தார்கள். அனுபவம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று யோசிக்கிறவர்களுக்கு அந்தக் கடைசி வரியைக் காட்டுவேன்.

பக்கத்துக்கு டைட்டில் வைப்பது அடுத்தது. தேடல் முடிவில் நீல நிறத்தில் தெரியும் வரி அது. பட்டறையின் முகப்புக்கு ‘ஹோம்’ என்றுதான் டைட்டில் இருந்தது. இப்போது விலைப் பக்கத்துக்கு ‘ஆத்தங்குடி டைல்ஸ் விலை: அளவு, எண்ணிக்கை, லாரி வாடகை’ என்று இருக்கிறது. தேடும் சொல் முன்னால்; கடைப்பெயரும் சேர்ப்பதென்றால் அது பின்னால். இதற்குக் கூகுள் எழுத்து வரம்பு எதையும் விதிக்கவில்லை. திரையின் அகலத்தைத் தாண்டினால் வெட்டிக் காட்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் டைட்டில் வேறு வேறாக இருக்க வேண்டும். டைட்டிலுக்குக் கீழே வரும் இரண்டு வரி விளக்கம் வரிசையை உயர்த்தாது, ஆனால் படித்துவிட்டுச் சொடுக்குகிறவர் கூடுவார், அதனால் எழுதுங்கள்.

‘கீவேர்ட்ஸ்’ என்று ஒரு பெட்டி தளத்தின் நிர்வாகப் பகுதியில் இருக்கும். அதில் நூறு சொற்களை நிரப்பித் தருவதற்குக் கட்டணம் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பெட்டியை வரிசைப்படுத்தப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் வெளிப்படையாகச் சொன்னது 2009-இல்.

பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். தமிழில் வைத்தாலும் கூகுளுக்குப் புரியும். சிக்கல் வாட்ஸ்அப்பில்தான். நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்துகளாக உடைந்து நீளும், ‘கி’ போன்ற உயிர்மெய் என்றால் பதினெட்டு. அந்த அனுமார் வாலைப் பார்த்துப் பயந்து யாரும் தொட மாட்டார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் தளம் வேண்டுமென்றால் தனித்தனிப் பக்கங்களாக எழுதி ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுங்கள். ஒரே பக்கத்தில் ஒரு பத்தி தமிழ், ஒரு பத்தி ஆங்கிலம் என்று கலந்தால் இரண்டு வாசகருக்கும் பாதிப் பக்கம் வீண்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். காரைக்குடியில் டைல்ஸ், தேவகோட்டையில் டைல்ஸ், சிவகங்கையில் டைல்ஸ் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி நூறு பக்கங்கள் போட்டால் என்ன? ஏஐயிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் எழுதித் தந்துவிடுமே? ஊர் மாற்றி ஒரே சரக்கை அடுக்குவது கூகுளின் விதிப்படி ஸ்பேம், அதாவது தேடலை ஏமாற்றும் குப்பை. தேடலை ஏமாற்றுவதற்காக மொத்தமாக உற்பத்தி செய்த பக்கங்களை, எழுதியது மனிதரா இயந்திரமா என்று பார்க்காமல், தண்டிக்கலாம் என்று 2024 மார்ச்சில் விதியை இன்னும் இறுக்கினார்கள். ஏஐயை எழுத்துப் பிழை பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் எத்தனை நாள் கல் தண்ணீரில் கிடக்கிறது என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

படங்களும் வேகமும்

டைல்ஸ் தொழிலில் படம்தான் பேசும். பட்டறையில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றியிருந்தார்கள், போன் கேமராவில் எடுத்த ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி. ஒரு பக்கத்தில் முப்பது படங்கள். கிராமத்து சிக்னலில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் வாடிக்கையாளர் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஏற்றும் முன் படத்தின் அகலத்தை 1,600 பிக்சலுக்குள் குறைத்து, வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்தில் சேமியுங்கள். பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கோப்புக்குக் கேமரா கொடுத்த எண்ணை விட்டுவிட்டுப் பொருளின் பெயரை வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ‘ஆல்ட்’ என்ற பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள்: ‘சிவப்பு, மஞ்சள் நட்சத்திரக் கோலம் உள்ள 10 அங்குல ஆத்தங்குடி டைல்ஸ், திண்ணையில் பதித்தது.’ பார்வையற்றவர்களுக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக்காட்டும், படத் தேடலுக்கும் அதுதான் துப்பு.

வேகத்தைச் சோதிக்கக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் இருக்கிறது. அதில் மூன்று அளவைகளைப் பாருங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டதும் 200 மில்லி விநாடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். மூன்றாவது, பக்கம் குதிக்கக் கூடாது: விலையைத் தொடப் போகும் நேரத்தில் மேலே ஒரு படம் வந்து விழுந்து எல்லாம் கீழே நகர்கிறதே, அந்தக் குதிப்புக்கு அங்கே காட்டும் எண் 0.1-க்குள் இருக்க வேண்டும். ஆனால் நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்க ஆசைப்பட்டு மாதக்கணக்கில் உட்காராதீர்கள். நல்ல பதில் உள்ள பக்கம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் மேலே வரும். வெறும் பக்கம் மின்னலாகத் திறந்தாலும் வராது.

எல்லாச் சோதனையையும் போனில் செய்யுங்கள். கூகுள் உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் படித்து அட்டவணையில் சேர்க்கிறது; 2016-இல் அறிவித்த அந்த மாற்றம் 2023 அக்டோபரில் முழுமை பெற்றது. கணினியில் தெரிந்து போனில் மறைத்து வைத்த பத்தி இல்லாத பத்திக்குச் சமம். முகவரிப் பட்டையில் ‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) சான்றிதழ் கேளுங்கள், இலவசமாகவே கிடைக்கும்.

மேப்பில் கடை

பக்கத்து ஊர்க்காரர் தேடும்போது பல நேரம் இணையதளத்துக்கு முன் மேப்பும் மூன்று கடைகளும்தான் தெரியும். அதற்கு ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ வேண்டும். பெயர்ப்பலகை, உள்ளே இருக்கும் இயந்திரம், நீங்கள் கதவைத் திறப்பது எல்லாம் தெரிய ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பெரும்பாலும் சரிபார்ப்பார்கள். கடைப்பெயரைப் பலகையில் உள்ளபடியே எழுதுங்கள். ‘முருகன் டைல்ஸ் சிறந்த மலிவு விலை காரைக்குடி’ என்றெல்லாம் நீட்டினால் கணக்கே முடங்கலாம். தொழில் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வேலை நேரம், பொங்கல் விடுமுறை உட்பட, உண்மையாக இருக்கட்டும். நாற்பது கிலோமீட்டர் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் போவார்.

தேடியதற்குப் பொருந்துகிறதா, எவ்வளவு தூரம், எவ்வளவு அறியப்பட்ட கடை: இந்த மூன்றை வைத்துத்தான் மேப் வரிசை. பணம் கட்டி அதில் முன்னேற வழியில்லை என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தூரத்தை உங்களால் மாற்ற முடியாது. விமர்சனங்களைக் கேட்டு வாங்க முடியும். தரை பதித்து முடித்து வாடிக்கையாளர் மகிழ்ச்சியாகப் படம் அனுப்பும் அன்றே கேளுங்கள். தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லி வாங்குவது விதிக்கு விரோதம். திட்டி எழுதியவருக்கும் அமைதியாகப் பதில் எழுதுங்கள், அந்தப் பதிலை அடுத்து வரும் நூறு பேர் படிக்கிறார்கள்.

யார் உங்களைக் கைகாட்டுகிறார்கள்?

1998-இல் கூகுள் தொடங்கியபோது அதை மற்றத் தேடுபொறிகளில் இருந்து வேறுபடுத்தியதே இந்த யோசனைதான்: ஒரு தளத்தில் இருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் இணைப்பை ஒரு பரிந்துரையாகக் கணக்கில் எடுப்பது. உடனே இணைப்பு விற்பனை ஒரு தொழிலாகிவிட்டது. 2012 ஏப்ரலில் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, விலைக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே வந்த தளங்களைக் கூகுள் கீழே தள்ளியது. இன்றும் ‘ஐந்நூறு பேக்லிங்க் (பிற தளங்களில் இருந்து வரும் இணைப்பு), முதல் பக்கம் உத்தரவாதம்’ என்று போன் வருகிறது. பட்டறைக்காரரும் அப்படி ஒருவரிடம் ஆறு மாதம் பணம் கட்டியிருந்தார். அந்த இணைப்புகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் எந்த ஊர் என்றே தெரியாத சூதாட்டத் தளங்கள். முதலிடம் உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடலாம். அதை யாராலும் தர முடியாது.

உங்களுக்கு இணைப்புக் கொடுக்கக் கூடியவர்கள் ஏற்கெனவே உங்கள் பில் புத்தகத்தில் இருக்கிறார்கள். உங்கள் கல்லைப் பதித்த கட்டடக் கலைஞருக்குத் தளம் இருக்கும்; அந்த வீட்டின் படங்களைப் போட்டிருப்பார். செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர் தரையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருப்பார். அவர்களிடம் ‘தரை எங்கள் பட்டறைக் கல் என்று ஒரு வரியும் இணைப்பும் சேர்க்க முடியுமா?’ என்று கேளுங்கள். எங்கள் பில் புத்தகத்தில் இருந்து பதினோரு பேரைக் கேட்டோம். நான்கு பேர் சேர்த்தார்கள். நான்கு போதும், சூதாட்டத் தளம் ஐந்நூறைவிட மேல்.

கணக்குப் பார்க்கும் நாள்

மாதத்தில் ஒரு நாள் மட்டும் சர்ச் கன்சோலைத் திறங்கள். தினமும் உங்கள் போனில் உங்கள் கடையைத் தேடிப் பார்க்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தையும் தேடிய பழக்கத்தையும் பார்த்துக் கூகுள் உங்களுக்கு ஒரு வரிசை காட்டும், பெங்களூருக்காரருக்கு வேறு காட்டும். சர்ச் கன்சோலில் 16 மாதக் கணக்கு இருக்கிறது: எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை தெரிந்தீர்கள், எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம்.

நான் பார்ப்பது இரண்டே இரண்டு. நிறையத் தடவை தெரிந்தும் யாரும் சொடுக்காத பக்கம் இருந்தால் டைட்டிலை மாற்றி எழுதுவேன். எட்டாவது இடத்தில் இருந்து இருபதாவது இடம் வரை நிற்கும் பக்கம் இருந்தால், அதில் எந்தக் கேள்விக்குப் பதில் விட்டுப்போயிருக்கிறது என்று நோட்டைப் புரட்டுவேன். தளத்தின் மற்றப் பக்கங்களில் இருந்து அதற்கு இணைப்புக் கொடுப்பேன். ஐம்பதாவது இடத்தில் நிற்பதை இந்த மாதம் தொட மாட்டேன். பக்கத்தின் முகவரியை மாற்றினால் பழையதில் இருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடுதல் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் சேர்த்த பெயரெல்லாம் பழைய முகவரியோடு போய்விடும்.

இப்போது சில தேடல்களுக்கு மேலேயே ஏஐ தொகுத்த பதில் வந்துவிடுகிறது. ‘ஆத்தங்குடி டைல்ஸ் என்றால் என்ன?’ என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர் உங்கள் தளம் வரை வர மாட்டார். அவர் வாங்கவும் மாட்டார். விலை, எண்ணிக்கை, படம் தேடுகிறவர் வருவார், அதனால் அந்தப் பக்கங்களில் உழைப்பைப் போடுங்கள்.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் நான்கு மாதத்தில் இருந்து ஒரு வருடம் ஆகும் என்று கூகுளே தன் காணொளி ஒன்றில் சொல்லியிருக்கிறது. பட்டறைக்கு ஐந்தாவது மாதத்தில்தான் விலைப் பக்கம் முதல் பக்கத்துக்கு வந்தது. அதுவும் தமிழ்த் தேடலில். ஆங்கிலத்தில் இன்னும் இரண்டாம் பக்கத்தில் நிற்கிறது.

போன மாதக் கணக்கில் புதிய சொல் ஒன்று இருந்தது: ‘ஆத்தங்குடி டைல்ஸ் பாத்ரூமில் போடலாமா’. முப்பத்தெட்டு முறை தெரிந்திருக்கிறோம், ஒருவரும் சொடுக்கவில்லை. நம்மிடம் அதற்குப் பக்கமே இல்லை. பட்டறைக்காரரை அழைத்துக் கேட்டேன். “போடலாம் தம்பி, ஆனால் பாத்ரூமை ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வீடாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சிமென்ட்டை அரித்துவிடும், அப்புறம் என்னைத்தான் திட்டுவார்கள்” என்றார். ஸ்பீக்கரில் போட்டு, அவர் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டேன்.